நீங்களே பேசுங்கள்: ஆண்டவரோடு நெருங்கி வாழப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வேலூர் பக்கம் சபைக்குப் போகிறவர்கள் வழியில் பார்த்துக்கொண்டால் ஸ்தோத்திரம் சொன்ன கையோடு கேட்பது, "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்பதுதான். கேட்பது நல்லது. ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி வேதமே சொல்கிறது. ஆனால் வருடக்கணக்காக அடுத்தவர் ஜெபத்திலேயே ஓட்டிக்கொண்டு, தான் மட்டும் கர்த்தரிடம் ஐந்து நிமிடம் வாய் திறந்து பேசாதவர்கள் நம் சபைகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனம், வருடப்பிறப்பில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, ஞாயிறு பிரசங்கம், டிவியில் ஊழியக்காரர் செய்யும் ஜெபத்துக்கு ஒரு ஆமென், அதோடு சரி. அதைத் தாண்டி உள்ளே வர வேண்டும் என்று மனதில் ஏக்கம் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவராக இருக்கலாம். 1853-இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலத்திலேயே விசுவாசத்துக்கு வந்த குடும்பத்தின் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். தாத்தாவின் விசுவாசம் வீட்டில் இருக்கிறது, எனக்கென்று எதுவும் இல்லை என்று நினைக்கிறவரும் இந்த விஷயத்தில் புதியவர்தான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். நடுவில் ஆள் வைக்காமல் நீங்களே அவரிடம் பேசுங்கள், நீங்களே அவர் வார்த்தையைத் திறந்து படியுங்கள், அவர் சொன்னதை நீங்களே செய்து பாருங்கள். வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மூன்றை மட்டும் ஒரு மாதம் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை அப்புறம்.

முதலில் நேரமும் இடமும்

மாற்கு 1:35-இல் இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று வருகிறது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரே அவர் இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறார், எவ்வளவு அசதி இருந்திருக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாளே பிதாவோடு தனியாக இருக்க அவர் நேரம் எடுத்துக்கொண்டார் என்றால், நமக்கு அது எவ்வளவு தேவை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து மூன்றாம் நாள் விட்டுவிடுவதைவிட, தினமும் பத்து நிமிடம் உட்காருகிறவர் ஆறு மாதத்தில் வெகு தூரம் போயிருப்பார். அதிகாலைதான் பரிசுத்தம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் விடியற்காலை மொட்டை மாடியில்தான் மனுஷன் மூச்சு விட முடியும், அதனால் முடிந்தவர்களுக்கு அதிகாலை நல்லது, அவ்வளவுதான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் விடியுமுன் சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். அவர்களுக்கு அந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுதான் ஜெப அறை. நைட் ஷிப்ட் முடித்து வருகிற நர்ஸ் குளித்துவிட்டுத் தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் உட்காரலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருப்பது முக்கியம், உடம்பே அப்புறம் உங்களைக் கொண்டுபோய் உட்கார வைக்கும்.

"உன் கதவைப் பூட்டி" ஜெபம் பண்ணு என்று இயேசு சொன்னாரே, எங்கள் வீடு ஒரே அறை, மாமியார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், எந்தக் கதவைப் பூட்டுவது என்று பலர் கேட்கிறார்கள். மாடிப்படி இருக்கிறது, துணி காயப்போடும் மாடி இருக்கிறது, வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டே பேசலாம். கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் 1846-இல் கட்டப்பட்டது, அதைப் போல உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலயம் வார நாட்களில் எப்போது திறந்திருக்கும் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கால் மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் கண்டிப்பு: போன் கையில் இருக்கக் கூடாது. போனில்தான் வேதம் படிக்கிறீர்கள் என்றால் நெட்டை ஆஃப் செய்துவிட்டுப் படியுங்கள்.

அடுத்தது வேதம்

ஆதியாகமத்தில் ஆரம்பித்து, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடார அளவுகள் வரும் இடத்தில் மூச்சு வாங்கி, லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களே அதிகம். நீங்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், தினமும் ஒன்று என்றால் இரண்டு வாரம் கொஞ்சம் கூட. அப்புறம் யோவான், 21 அதிகாரம். கூடவே தினமும் ஒரு சங்கீதம். மொத்த வேதமும் 1,189 அதிகாரம், வார நாளில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் படித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று சபையில் சொல்வார்கள், கணக்கு சரிதான். ஆனால் அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இயேசு யார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பழைய திருப்புதலின், அதாவது சபையில் வாசிக்கிற பழைய வேத மொழிபெயர்ப்பின், தமிழ் புரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எளிய தமிழில் வந்த மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, 1995-இல் வந்த திருவிவிலியமும் இருக்கிறது. புரிவதற்கு அதைப் படியுங்கள், மனப்பாடம் செய்ய சபையில் எல்லோரும் சொல்கிற பழைய வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண் வலிக்கிறவர்களுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் யூவெர்ஷன் ஆப்பில் தமிழில் கேட்கிற வசதி உண்டு.

எப்படிப் படிப்பது என்று ஒரு பகுதியை வைத்தே சொல்கிறேன். மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசியில் ஒரு குஷ்டரோகி வருகிறான். உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும் என்கிறான். இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொடுகிறார். முதலில் ஒருமுறை சாதாரணமாகப் படியுங்கள். மறுபடி மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். எந்த வார்த்தையில் மனம் நிற்கிறதோ அங்கே நீங்களும் நின்றுவிடுங்கள். வேலூர்க்காரருக்கு அந்த "தொட்டு" என்ற இடத்தில் நிற்காமல் போவது கஷ்டம். 1946-இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலை செய்ய வைத்தது இந்த ஊரில்தான். காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் 1955-இல் அந்த நோயாளிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். ஊரார் கிட்ட வரப் பயந்தவர்களை, இந்த வசனத்தை வாசித்த மனிதர்கள் தொட்டார்கள்.

சரி, இப்போது உங்களுக்கு. நான் யாரைத் தொடக் கூசுகிறேன்? யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறேன்? நம் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் இருக்கிறது, சபைக்குள்ளேயும் அந்தக் கோடு வந்து உட்கார்ந்திருக்கிற இடங்கள் உண்டு, கல்யாணம் என்று வந்தால் நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி உங்களைக் குத்துகிறது என்றால் வேதம் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே புத்தகத்தை மூடிவிட்டுப் போகாதீர்கள், குத்துகிறது என்பதையே அவரிடம் சொல்லுங்கள். அதுதான் ஜெபம்.

ஜெபம்

மேடையில் ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, நமக்கு அந்த வார்த்தையெல்லாம் வராதே என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழே போதும். "ஆண்டவரே, இன்னைக்கு குழுக் கடன் தவணை கட்டணும், கையில காசு இல்ல, பயமா இருக்கு. அண்ணன்கிட்ட கேட்கவும் கூச்சமா இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல, கூட இருங்க." இது முழு ஜெபம். இதற்கு மேல் அலங்காரம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. நீர் என்று கூப்பிட வராவிட்டால் நீங்க என்று கூப்பிடுங்கள், அப்பா என்று கூப்பிடுங்கள்.

என்ன பேசுவது என்றே தெரியாத நாளில் பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஜெபிக்கச் சொல்லிக் கொடும் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு கொடுத்தது அதுதான், ஆனால் நாம் அதை ஆராதனை முடிவில் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறோம். ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். "எங்கள் பிதாவே" என்றதும் நிறுத்துங்கள். எங்கள் என்றால் யார் யார்? பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் அதில் உண்டா? அன்றன்றுள்ள அப்பம் என்று வரும்போது இன்றைக்குத் தேவையானதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அரிசி, பீஸ், பஸ் காசு, எதுவானாலும். இப்படி ஒரு தடவை சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிடும்.

கோபத்தையும் கொண்டு போங்கள். கர்த்தரிடம் கோபித்துக்கொள்வது பாவம் என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். சங்கீதம் 13 எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" 88-ஆம் சங்கீதம் அழுகையில் தொடங்கி அழுகையிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரி கூட இல்லை, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்பல்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், இந்தச் சங்கீதங்களை அந்தத் தாய்க்குக் காட்டுங்கள். நம்பிக்கையே ஆட்டம் காணும் நாளில், மாற்கு 9-இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னதையே நீங்களும் சொல்லலாம்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் தேதியும் நீங்கள் கேட்டதும், வலது பக்கம் காலியாக விடுங்கள். மாதக் கடைசியில் திருப்பிப் பாருங்கள். சிலது கிடைத்திருக்கும், நீங்களே மறந்துபோயிருப்பீர்கள். சிலது கிடைத்திருக்காது, அதையும் அப்படியே விடுங்கள், பூசி மெழுகி ஒரு பதில் எழுத வேண்டாம். சிலவற்றில் கேட்டது மாறாமல் கேட்ட நீங்கள் மாறியிருப்பீர்கள். இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கக் கூடாது, பார்ப்பார்கள் என்று தெரிந்தால் உண்மை எழுத வராது.

பேசி முடித்ததும் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். அடுப்பில் வைத்த பால், கட்ட வேண்டிய பில் எல்லாம் ஞாபகம் வரும், வரட்டும். மறுபடி "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி உட்காருங்கள். எதுவும் நடக்காது போலத்தான் இருக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்லிக் கொடுக்க முடியாது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் தெரியும்.

ராத்திரியில் ஒரு கணக்கு, அப்புறம் ஒரு போன்

ஒரு மாதம் ஆனதும் தூங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 139-ஆம் சங்கீதத்தின் கடைசியில் "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று வருகிறது. அதைச் சொல்லிவிட்டு அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே சந்தோஷப்பட்டீர்கள், நன்றி சொல்லுங்கள். எங்கே வாய் தவறினீர்கள், யாரிடம் பொய் சொன்னீர்கள், பெயர் வைத்துச் சொல்லுங்கள். "நான் பாவி ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம். "இன்னைக்கு எடை குறைச்சுப் போட்டேன் ஆண்டவரே" என்று சொல்வதுதான் கஷ்டம், அதுதான் வேண்டியது. கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவுக்குப் போகும்போது இந்தப் பழக்கம் மிகவும் உதவும்.

இதில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, முடிந்தது என்று. மத்தேயு 5-இல் இயேசு சொல்வது அப்படி இல்லை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். நம் குடும்பங்களில் அப்பா செத்த பிறகு நிலம் பிரிப்பதில் வந்த சண்டையில் பத்து வருடம் பேசாத அண்ணன் தம்பிகள், ஒரே சபையில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறார்கள். ஜெபத்தில் எல்லாம் வறண்டு கிடக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

போன் பண்ணுங்கள். "அண்ணே, நான்தான். அன்னைக்கு நான் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்துங்கள். நீங்களும்தான் பேசினீங்க என்று சேர்த்தால் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். வாங்கின பணம் பாக்கி இருந்தால் எப்போது தருவேன் என்று சொல்லுங்கள். அவர் போனை வைத்துவிடலாம், திட்டலாம். உங்கள் பங்கு முடிந்தது, அடுத்ததை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அடிக்கிற புருஷனை மன்னித்துவிட்டேன் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது விசுவாசம் ஆகாது. 181 மகளிர் உதவி எண். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், மன்னிப்பதை அங்கே இருந்துகொண்டும் செய்யலாம்.

சபையும் கூட ஒரு ஆளும்

நீங்களே பேசுங்கள் என்று சொன்னதால் சபை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகவே இருந்தால் கொஞ்ச நாளில் நம் எண்ணத்தையே அவர் குரல் என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம். சிஎஸ்ஐ சபையிலும் கத்தோலிக்க ஆலயத்திலும் ஒவ்வொரு ஞாயிறுக்குமான வேதபாடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை ராத்திரி அதை வீட்டில் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், பிரசங்கம் கேட்கிற விதமே மாறிவிடும். திருவிருந்து நாளில் பத்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு ஆள் வேண்டும். வயதில் மூத்த, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், கேட்டதை வெளியே சொல்லாத ஆள். சபையில் அதிகம் பேசுகிறவரைத் தேட வேண்டாம். ஆராதனை முடிந்து பாய் சுருட்டுகிறவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவர், அப்படிப்பட்ட ஒரு அக்காவோ ஐயாவோ எல்லா சபையிலும் இருப்பார்கள். "அக்கா, மாசம் ஒருமுறை உங்களைப் பார்த்துப் பேசலாமா?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் அவர் ஜெபிப்பதற்காக இல்லை, நீங்கள் ஜெபிக்கிறீர்களா என்று அவர் கேட்பதற்காக.

வீட்டில் நீங்கள் மட்டும் என்றால்

வீட்டில் நீங்கள் ஒருவர்தான் இயேசுவை நம்புகிறீர்கள், அம்மா அப்பாவுக்கோ மாமியாருக்கோ பிடிக்கவில்லை. வட ஆற்காட்டுப் பக்கம் இது சாதாரணமாக நடப்பது, தனியாகச் சொல்ல வேண்டியது. புதிதாக வந்த வேகத்தில் வீட்டுச் சாமி படத்தைக் குறை சொல்வதும், அம்மா வைத்த பொங்கலைத் தட்டிவிட்டு எழுந்து போவதும் பலர் செய்கிறார்கள். உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கற்பனை, தகப்பனும் தாயும் விசுவாசிகளாக இருந்தால் மட்டும் என்று எழுதப்படவில்லை. நான் இதில் பங்கெடுக்க மாட்டேன் என்பதை மரியாதையாக, ஒருமுறை, மெதுவாகச் சொல்லுங்கள். அதே நாளில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள், அப்பாவின் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். வேதப் புத்தகம் வைத்தால் பிரச்சினை என்றால் போனில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். கண்ணை மூடாமலும் ஜெபிக்கலாம், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஜெபிக்கலாம், யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெளியே விடவில்லை என்றால் அதற்காகப் பொய் சொல்லிவிட்டு ஓடாதீர்கள், அந்தப் பொய் பிடிபடும் நாளில் உங்கள் விசுவாசத்தின் மேல் இருக்கும் கொஞ்ச மரியாதையும் போய்விடும். வார நாளில் அந்த அக்காவைச் சந்திக்க வழி இருக்கும். வருடங்கள் ஆகலாம், பொறுங்கள்.

ஒன்றும் தோன்றாத நாட்கள்

ஆரம்பத்தில் அழுகை வரும், மகிழ்ச்சி வரும், பாடினால் உடம்பு சிலிர்க்கும். சில மாதம் கழித்து எல்லாம் நின்றுபோகும். கர்த்தர் விட்டுவிட்டார் என்று நினைத்து, அந்த உணர்வைத் தேடி ஒவ்வொரு கூட்டமாக அலைவார்கள். அலைய வேண்டாம். கோடையில் பாலாறு வெறும் மணலாகத்தான் தெரியும், கையால் தோண்டினால் ஊற்று வரும், இதுவும் அப்படித்தான். அதே நேரத்தில் அதே இடத்தில் உட்காருங்கள், ஒரு சங்கீதம் படித்துவிட்டு எழுந்திருங்கள், அதுவே போதும்.

உடம்பையும் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாக வேண்டும் என்று சொல்லி மரத்தடியில் படுத்துவிடுகிறார். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார். மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய நோய். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, தயங்காமல் போங்கள், கூட அந்த அக்காவை அழைத்துக்கொண்டு போங்கள்.

இதோடு சேர்த்தே சொல்கிறேன், ஜெபிக்கிறேன் என்பதற்காக சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். ஜெபத்தையும் வைத்தியத்தையும் ஒன்றாக வைத்து நடத்தி வந்த ஊர் இது. உபவாசம் இருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டை விட வேண்டாம், ஒரு நாள் போனை விடுங்கள், சீரியலை விடுங்கள். மற்றவர்களும் நம் வெயிலில் தண்ணீரை நிறுத்தக் கூடாது.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்"

யாராவது வந்து, நீ இன்னாரைக் கல்யாணம் பண்ண வேண்டும், இந்த வேலையை விட வேண்டும் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், உடனே செய்யாதீர்கள். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் பவுல். வேதத்தோடு ஒத்துப்போகிறதா, உங்களை நேசிக்கிற, நிதானமான இரண்டு பேர் என்ன சொல்கிறார்கள், அவசரப்படுத்துகிறார்களா, பணம் கேட்கிறார்களா, இதெல்லாம் பாருங்கள். காணிக்கை கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள், ஆனால் இவ்வளவு அனுப்பினால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று சொல்கிறவருக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். ஆண்டவரிடம் பேச உங்களுக்குக் கட்டணம் கிடையாது.

கடைசியில் வெளியே போங்கள்

ஐடா ஸ்கடர் கதை இந்த ஊரில் தெரியாதவர்கள் குறைவு. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இந்தியாவில் மிஷனரியாக இருக்க அவருக்கு விருப்பமே இல்லை, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கத்தான் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வலியில் துடிக்கிற மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டர் வேண்டாம், பெண்தான் வேண்டும் என்றார்கள். அவர் டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தத் தூக்கமில்லாத இரவுக்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு இன்றைய சிஎம்சியைத் தொடங்கினார். அவர் ஜெபத்துக்கு வந்த பதில் வாசல் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் டாக்டர்கள்தான், அங்கே ஜெபாலயமும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகவே நடந்தன.

உங்கள் வாசலை யார் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரிதாக எதுவும் தேட வேண்டாம். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து தங்கி, பாஷை தெரியாமல், ஆட்டோவுக்கு எவ்வளவு என்று கேட்கத் தெரியாமல் நிற்கிற குடும்பங்கள் எப்போதும் இருக்கின்றன. இந்தி தெரிந்தவர் ஒரு மத்தியானம் அவர்களோடு மருந்துக் கடை வரிசையில் நிற்கலாம். தெரியாதவர் சுடுதண்ணீர் பிளாஸ்க் நிரப்பிக் கொடுக்கலாம், பெரியவரைப் பார்த்துக்கொண்டு, கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் தூங்க அனுப்பலாம். போகுமுன் வார்டில் பார்வை நேரம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், சளி இருமல் இருந்தால் போகாதீர்கள். நோயாளி கேட்காமல் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டாம், படுத்திருக்கிறவரால் எழுந்து போக முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போங்கள், பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நோட்டின் இடது பக்கத்தில் எழுதுங்கள்.